ஊராட்சி மன்றங்களின் கணினிப் பிரிவு: நம் பெண்கள் விண்ணப்பிக்காத நாற்காலி

கோலாலம்பூர்: பிப்ரவரி கடைசி வாரமும் ஆகஸ்டு கடைசி வாரமும் ஊராட்சி மன்ற அலுவலகங்களில் ஒரு காலத்தில் திருவிழாக் கூட்டம்தான். அரையாண்டு மதிப்பீட்டு வரி கட்ட வந்தவர்களின் வரிசை படிக்கட்டு வரை நீளும். பாட்டி பையில் பணத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பார். பேரன் பில்லைப் பிடித்துக்கொண்டு உடன் நிற்பான். இன்று அந்த வரிசை சுருங்கிவிட்டது. பேரன் வேலை செய்யும் இடத்திலிருந்தே கைப்பேசியில் வரியைக் கட்டிவிடுகிறான்.

வரிசை போன இடம் சர்வர் அறை. கடைசி நாளில் பணம் கட்டும் பக்கம் திறக்காமல் போனால், வங்கியில் பணம் கழிந்தும் ரசீது வராமல் போனால், பதில் சொல்ல வேண்டியது தகவல் தொழில்நுட்பப் பிரிவு. கடை உரிமம், அங்காடி உரிமம், வாகன நிறுத்துமிடக் கட்டணம், அபராதம், கட்டட வரைபட அங்கீகாரம், சமூக மண்டபப் பதிவு என்று ஊராட்சி மன்றம் பொதுமக்களோடு பேசும் ஏறக்குறைய எல்லா வழிகளும் இப்போது அந்தப் பிரிவைக் கடந்துதான் போகின்றன.

அந்தப் பிரிவின் மேசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி இந்தியர் சமுதாயம் இதுவரை அதிகம் பேசியதில்லை. மன்ற உறுப்பினர் பதவி எத்தனை கிடைத்தது, எந்தக் கட்சிக்குக் குறைந்தது என்பதுதான் ஒவ்வொரு நியமனத்தின்போதும் செய்தியாகிறது. அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசாங்கம். பதவிக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆட்சி மாறினால் பெயரும் மாறும். 25 வயதில் நிரந்தரப் பணியில் சேரும் ஓர் அதிகாரியோ 60 வயது வரை அங்கேயே இருப்பார். ஏழெட்டு மேயர்களையும் இருநூறு உறுப்பினர்களையும் அவர் பார்த்துவிடுவார்.

துடைப்பத்தில் தொடங்கிய உறவு

ஊராட்சி மன்றத்துக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. கோலாலம்பூரில் 1890இல் சானிட்டரி போர்டு அமைக்கப்பட்ட காலந்தொட்டு, தெருக் கூட்டியதும் கால்வாய் வாரியதும் புல் வெட்டியதும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். பிற்காலத்தில் நகராண்மைக் கழகத் தொழிலாளர் குடியிருப்பு என்றாலே அது ஒரு குட்டித் தமிழூர். கோயில், பந்து விளையாடும் திடல், மாதக் கடைசியில் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன். அந்தப் பென்ஷனை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம்.

அந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டது. 1990களின் பிற்பகுதியில் குப்பை அள்ளும் பணி தனியார் நிறுவனங்களுக்குப் போகத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தபோது, அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் அந்தப் பொறுப்பே ஊராட்சி மன்றங்களிடமிருந்து மத்திய அரசாங்கத்தின் கைக்கு மாறியது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் ஆகியவை அச்சட்டத்துக்கு வெளியே நின்றன. ஆயினும் அங்கும் குத்தகை முறை பரவிவிட்டது. தாத்தா மன்றத்தின் தொழிலாளி. பேரன் அதே தெருவைக் கூட்டினால் குத்தகைக்காரரின் தொழிலாளி.

கீழ்க்கதவு மூடியதற்கு ஈடாக மேல்கதவு திறந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஏறத்தாழ 16 லட்சம் பேர் பணியாற்றும் பொதுச் சேவையில் இந்தியர் பங்கு சுமார் 4 விழுக்காடு என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. மக்கள்தொகையில் நம் பங்கு 6 விழுக்காட்டுக்கும் மேல்.

தோட்டத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு இதில் இன்னொரு கசப்பும் உண்டு. தோட்டம் தனியார் நிலம். விளக்கும் குழாயும் சாலையும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஊராட்சி மன்றம் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது அபூர்வம். ஆகவே மன்றத்தோடு எப்படிப் பேசுவது, எந்தப் பாரத்தை எங்கே கொடுப்பது என்ற பழக்கமே இரண்டு தலைமுறைக்கு இல்லாமல் போனது. துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து மலிவு வீட்டுக்கு மாறியவர் மன்றத்தை முதன்முதலில் சந்தித்ததே வரி பில்லின் வழியாகத்தான். இப்போது அந்தப் பில்லும் காகிதத்திலிருந்து திரைக்கு மாறுகிறது.

பெண்கள் குறைவு என்ற சாக்கு இங்கே செல்லாது

மேலைநாடுகளில் கணினித் துறை என்றாலே ஆண்கள் கூட்டம். மலேசியா அதற்கு நேர்மாறாக இருந்தது ஆய்வாளர்களையே ஆச்சரியப்படுத்தியது. நார்வேயைச் சேர்ந்த விவியன் லாகசன் மலாயாப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் மாணவிகளையும் விரிவுரையாளர்களையும் சந்தித்து எழுதிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுவீடனின் உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கில் நடத்திய ஆய்வு வந்தது. மலேசியாவில் கணினி அறிவியலில் பெண்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதே அதன் தலைப்பில் இருந்த கேள்வி. இந்த ஆய்வுகள் தந்த விடைகளில் ஒன்று நம் வீடுகளில் கேட்டுப் பழகியதுதான். கணினி வேலை உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை. வெயில் இல்லை, கட்டுமானத் தளம் இல்லை, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அப்பா அம்மா மறுக்கவில்லை.

மெல்ஸ்ட்ரோம் இன்னொன்றையும் தொட்டார். மலேசியாவில் பெண் என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது, இனமும் அதோடு பின்னிக் கிடக்கிறது என்பதே அவர் வாதம். இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் பக்கத்திலிருந்தும் பெண்களுக்கு ஒரு கொள்கை உண்டு. பொதுத் துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2004இல் அமைச்சரவை முடிவு செய்தது. மத்திய அரசாங்கச் சேவையின் உயர் பதவிகளில் அந்த இலக்கு எட்டப்பட்டு, தாண்டியும் போய்விட்டது. ஆகவே படித்த பெண் இல்லை என்றும் சொல்ல முடியாது, கொள்கை இல்லை என்றும் சொல்ல முடியாது. படித்த தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் எங்கோ வழி அறுந்திருக்கிறது.

பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்தால் போதுமா?

வழி அறுந்த முதல் இடம் விண்ணப்பம். அரசாங்க வேலை என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பதிவு. பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, "கூப்பிடவே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஊராட்சி மன்றம் தனக்கென்று ஊழியர்களை நியமித்துக்கொள்ளும் அதிகாரம் பெற்ற அமைப்பு. பெரும்பாலான மன்றங்கள் தங்கள் காலி இடங்களைத் தங்கள் அகப்பக்கத்திலேயே அறிவிக்கின்றன. நாட்டில் இருப்பதோ 150க்கும் மேற்பட்ட மன்றங்கள். அதாவது 150க்கும் மேற்பட்ட முதலாளிகள், தனித்தனி அறிவிப்புகள்.

பட்டதாரிகளுக்கான நுழைவுப் பதவி தகவல் தொழில்நுட்ப அதிகாரி. பழைய எஃப்41 தரம், 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் எஃப்9 ஆகிவிட்டது. டிப்ளோமா படித்தவர்களுக்கு உதவி அதிகாரி பதவி; அதன் பழைய தரம் 29, புதியது 5. அரசாங்கம் அங்கீகரித்த கணினிப் பட்டமும், எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட்டும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் தடுக்கி விழுந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தனியார் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய பெண் பதினேழு வயதில் எழுதிய ஒரு தாளால் வெளியே நிற்கிறாள். அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சம்பளத்தைத் தனியார் துறையோடு ஒப்பிட்டால் அரசாங்கம் பின்தங்கித்தான் இருக்கும். புதிய முறையில் பெரும்பாலோருக்கு 15 விழுக்காட்டு உயர்வு, 2024 டிசம்பரில் 8, 2026 ஜனவரியில் 7 என்று இரண்டு கட்டமாக வந்தாலும், பினாங்குத் தொழிற்சாலைகளோடும் சிங்கப்பூரோடும் அது போட்டி போடாது. புதியவர்களுக்குப் பென்ஷனுக்குப் பதிலாக ஊழியர் சேம நிதி என்று 2024 தொடக்கத்தில் வந்த அறிவிப்பு பழைய ஈர்ப்பையும் கொஞ்சம் குறைத்துவிட்டது. இவ்வளவு தெரிந்தும் ஒரு பெண் ஏன் அங்கே போக வேண்டும்?

ஒரு காரணம், ஊர். மத்திய அரசாங்க அதிகாரியை நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றலாம். ஊராட்சி மன்ற அதிகாரி அந்த மன்றத்தின் எல்லைக்குள்தான். சுங்கை சிப்புட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளுக்கும், சிரம்பானில் கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கும் இது சிறிய சலுகையில்லை.

அதே சலுகைதான் பின்னால் கூரையாகவும் மாறுகிறது. அமைச்சுகளில் இருக்கும் தகவல் தொழில்நுட்ப அதிகாரிக்கு, ஓர் இலாகாவில் மேல்பதவி காலியாக இல்லையென்றால் இன்னோர் இலாகாவுக்கு உயர்ந்து போக வழி உண்டு. மன்றத்தில் இருப்பவர் தன் மன்றத்திலேயே இடம் காலியாகக் காத்திருக்க வேண்டும். பெரிய மாநகர் மன்றத்தில் கணினித் துறைக்கு இயக்குநர், துணை இயக்குநர், பல பிரிவுகள் என்று ஏணி இருக்கும். சிறிய மாவட்ட மன்றத்தில் மொத்தமே இரண்டு மூன்று பேர். முப்பது வயதில் பிரிவுத் தலைவியாகிவிடுபவள் ஐம்பது வயதிலும் அதே நாற்காலியில் இருக்கலாம்.

உச்சிக்குப் போகும் பாதையும் இந்தப் பிரிவிலிருந்து கிளம்புவதில்லை. மைமூனா முகமது ஷரிப்பின் வாழ்க்கையைப் பார்த்தால் இது புரியும். 1985இல் பினாங்குத் தீவு நகராண்மைக் கழகத்தில் நகரத் திட்டமிடுபவராகச் சேர்ந்தவர், 2011இல் செபராங் பிறை நகராண்மைக் கழகத் தலைவர், 2017இல் பினாங்குத் தீவு மேயர், 2018இல் ஐநாவின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிட்டாட்டின் தலைமை இயக்குநர், 2024 ஆகஸ்டு முதல் 2025 நவம்பர் வரை கோலாலம்பூர் மேயர் என்று உயர்ந்தார். ஊராட்சி மன்ற மேசையில் தொடங்கிய ஒரு பெண் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அவர் ஏறியது நகரத் திட்டமிடல் ஏணி. நிர்வாக அதிகாரிகள், திட்டமிடுபவர்கள், பொறியாளர்கள் என்ற பழைய வரிசைக்குள் கணினிக்காரர்கள் இன்னும் "பிரிண்டர் பழுதானால் கூப்பிடுகிறவர்கள்" என்ற இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மென்பொருள் எழுதுவதைவிட ஒப்பந்தம் படிப்பது முக்கியம்

உண்மையில் இந்த நிர்வாகப் பதவியில் இருப்பவர் மென்பொருள் எழுதுவது குறைவு. மன்றத்துக்கு எந்தச் செயலி வேண்டும் என்று எழுதிக் கேட்பது, டெண்டர் நிபந்தனை வகுப்பது, வந்த விலைகளை மதிப்பிடுவது, குத்தகையாளர் சொன்னபடி செய்தாரா என்று பார்ப்பது, பழைய வரிப் பதிவேட்டைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது ஒரு வீடும் விடுபடாமல் காப்பது - இதுதான் வேலை. ஒப்பந்தம் முடிந்த பிறகு மூல நிரல் யாருடையது, தரவு யாருடையது என்ற வரிகளைக் கையெழுத்துக்கு முன்னால் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் மன்றத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதில் பல லட்சம் வெள்ளி நிற்கிறது.

சிலாங்கூரில் சில மன்றங்களின் வாகன நிறுத்துமிட நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் திட்டம் 2025இல் கிளப்பிய விவாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வசூலில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சுற்றியே பேச்சு நடந்தது. கேமராவும் செயலியும் அதன் தரவும் மன்றத்துக்குள் இருக்கும் அதிகாரிகளால் மேற்பார்வையிடப்பட வேண்டியவை என்ற பகுதி பொதுமக்களின் பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை. அந்த மேற்பார்வைக்கு ஆளும் திறனும் இருந்தால்தான் தனியார்மயம் பற்றிய எந்த வாக்குறுதிக்கும் அர்த்தம்.

பொறுப்பின் கனமும் கூடிவருகிறது. 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் முக்கியத் துறைகள் என்று 11ஐப் பட்டியலிடுகிறது. அரசாங்கச் சேவையும், நீர், கழிவுநீர், குப்பை நிர்வாகமும் அதில் அடக்கம். விவசாயமும் தோட்டத் தொழிலும்கூட அதில் ஒரு துறை. இத்துறைகளில் முக்கிய அமைப்பாக அறிவிக்கப்பட்ட நிறுவனம் ஊடுருவலுக்கு ஆளானால், 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்களை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இப்படிப்பட்ட கடமை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம் பார்த்து வருவதில்லை. அமைப்பைப் புதுப்பிக்கும் வேலையும் இரவிலும் வார இறுதியிலும்தான் நடக்கும். "உள்ளே உட்கார்ந்து செய்யும் பாதுகாப்பான வேலை" என்று நம்பி மகளைக் கணினி படிக்க அனுப்பிய பெற்றோர், மருமகளாகப் போன வீட்டாருக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ஏ/பி என்ற இரண்டு எழுத்து

நம்மவர் ஒருவர் அந்த மேசையில் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதிகாரி எல்லா இனத்துக்கும் பொதுவானவர். நம் ஆளுக்குச் சலுகை காட்ட அவர் அங்கே இல்லை. அது சரி. ஆனால் ஓர் அமைப்பை வடிவமைக்கும் மேசையில் யாருடைய அனுபவம் இல்லையோ, அவருடைய சிக்கல் திரையில் பிழையாகத் தெரியும்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு அச்சாகியிருக்கிறது. அந்தச் சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளாத இணையப் பாரங்களை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். அப்பா பெயரோடு சேர்த்தால் நீளும் பெயர் பெட்டிக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகிறது. அதைவிடப் பழைய வியாதி எழுத்துக்கூட்டல். தோட்டத்துக் கிராணியோ மருத்துவமனை எழுத்தரோ அன்றைக்குக் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடை உரிமத்தில் இன்னொரு மாதிரி. கவுண்டரில் மனிதர் இருந்தபோது முகத்தைப் பார்த்து, பழைய உரிமத்தைப் பார்த்து முத்திரை குத்திவிடுவார். இயந்திரம் இரண்டு பதிவையும் ஒப்பிட்டுப் "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பும். தோசைக் கடை போட்டுப் பிழைக்கும் ஒரு தாய்க்கு அங்காடி உரிமம் புதுப்பிக்கப்படாமல் போக அந்த ஒரு சொல் போதும். உரிமம் இல்லாத கடைக்கு அடுத்து வருவது அமலாக்க வண்டி.

பெயர் பொருந்தாவிட்டால் அடையாள அட்டை எண்ணை வைத்துச் சரிபார்த்து மனிதர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பு என்று ஒரு விதியைச் சேர்ப்பது தொழில்நுட்ப ரீதியில் பெரிய வேலையில்லை. அப்படி ஒரு விதி தேவை என்று டெண்டர் எழுதும் நாளிலேயே யாருக்காவது தோன்ற வேண்டும். தன் தாயோ பாட்டியோ கவுண்டரில் திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தானாகத் தோன்றும்.

2023 டிசம்பரில் இலக்கவியல் துறைக்கென்று அமைச்சர் பொறுப்பு உருவானபோது அது கோபிந்த் சிங் டியோவிடம் வந்ததைச் சமுதாயம் பெருமையாகப் பேசியது. அரசாங்கச் சேவைகளை முழுக்க முழுக்க இணையத்துக்குக் கொண்டுவரும் இலக்கு அதற்கு முன்பே, 2021இல் வெளியான மைடிஜிட்டல் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அமைச்சு தலைநகரத்தில் வகுப்பது கொள்கை. தாப்பாவிலோ கூலிமிலோ பொதுமக்கள் பார்க்கும் திரையை முடிவு செய்வது அந்தந்த மன்றம். ஊராட்சி மன்றங்கள் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால், கோரிக்கையும் மந்திரி பெசாரிடமும் முதலமைச்சரிடமும் போக வேண்டியிருக்கிறது.

மாநில ஆட்சிக்குழுவில் இருக்கும் இந்தியப் பிரதிநிதிகள் உறுப்பினர் பட்டியலோடு இன்னொரு பட்டியலையும் கேட்டு வாங்கலாம்: ஒவ்வொரு மன்றத்திலும் நிர்வாக, நிபுணத்துவப் பிரிவில் எத்தனை இடம், எத்தனை காலி, கடந்த நேர்காணலுக்கு எத்தனை இந்தியர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் அழைக்கப்பட்டனர். விண்ணப்பிக்கவே இல்லை என்று ஒரு தரப்பும், விண்ணப்பித்தும் அழைக்கவில்லை என்று மறு தரப்பும் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கு எண்ணிக்கை வந்தால்தான் தீரும். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமானது. சிரம்பானும் செபராங் பிறையும் அதற்கு முன்பே மாநகரமாகிவிட்டன. மூன்றும் தமிழர் கணிசமாக வாழும் ஊர்கள். கேட்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

காலி இட அறிவிப்புகள் மலாய் மொழியில், மன்றத்தின் அகப்பக்கத்தில் ஒரு மூலையில் வருகின்றன. பலவற்றில் விண்ணப்பிக்கத் தரப்படும் அவகாசம் இரண்டு வாரம்தான். அது ஒருவர் கண்ணில் பட்டு, புலனக் குழுக்களில் சுற்றி, கணினிப் பட்டத்தோடு வீட்டில் இருக்கும் பெண்ணின் கைப்பேசிக்கு வந்து சேரும்போது இறுதி நாள் கடந்திருக்கும்.